ஜிஐஎஸ் வேலைச் சந்தையை நீங்களே அளந்து பார்ப்பது எப்படி?

ஜிஐஎஸ் (இடம் சார்ந்த தகவல்களைக் கணினியில் வரைபடமாக்கி ஆராயும் முறை) கற்றால் வேலை கிடைக்குமா என்ற கேள்வியோடு வருபவர்கள், வேலைவாய்ப்புத் தளத்தில் ‘ஜிஐஎஸ்’ என்று ஒருமுறை தட்டிப் பார்க்கிறார்கள். வந்த நாலைந்து விளம்பரங்களைப் பார்த்ததும் மனம் விட்டுப்போகிறது. அது நியாயமே இல்லை. இந்தத் துறை வேலைகள் பல பெயர்களில் ஒளிந்திருக்கின்றன.

படி 1: ஜிஐஎஸ் அனலிஸ்ட், ரிமோட் சென்சிங் அனலிஸ்ட், ஸ்பேஷியல் டேட்டா சயின்டிஸ்ட், மேப்பிங் டெக்னீஷியன் என்று ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாகத் தேடுங்கள். மின்சாரம், குடிநீர், தொலைத்தொடர்பு, பயிர்க் காப்பீடு, சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களின் டேட்டா வேலைகளையும் திறந்து பாருங்கள். தலைப்பில் வரைபடம் என்ற பேச்சே இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கலாம்.

படி 2: 30 விளம்பரங்களை ஒரு எக்செல் தாளில் ஏற்றுங்கள். பதவி, துறை, கேட்கும் மென்பொருள், அனுபவம் என நான்கு பத்தி போதும். அப்புறம் எந்த மென்பொருள் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். வரைபட மென்பொருள்களான ஆர்க்ஜிஐஎஸ், க்யூஜிஐஎஸ் இரண்டோடு, தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல், நிரல்மொழியான பைத்தான் எத்தனை இடத்தில் வருகின்றன என்பதைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: என்ன வேலை செய்யச் சொல்கிறார்கள் என்று படியுங்கள். செயற்கைக்கோள் படத்தின் மேல் கட்டட எல்லைகளைக் கையால் வரைவதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். 2018இல் மைக்ரோசாஃப்ட், அமெரிக்கா முழுவதற்குமான சுமார் 12.5 கோடி கட்டட எல்லைகளைக் கணினியைக் கொண்டே வரைந்து வெளியிட்டது. அப்படி வரைந்தது சரியா என்று பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் இனி மதிப்பு என்பது என் கணிப்பு.

படி 4: அந்தப் பார்வை வர, ஒரு பயிற்சி. இலவசமாகக் கிடைக்கும் க்யூஜிஐஎஸ்ஸை நிறுவி, யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து மருத்துவமனைகளைப் புள்ளிகளாக எடுங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி 500 மீட்டர் வட்டம் போட, பஃபர் கருவியில் 500 என்று கொடுங்கள். வட்டம் உலகத்தையே விழுங்கிவிடும்! காரணம், அந்தத் தரவு அட்சரேகை, தீர்க்கரேகையால் இடத்தைக் குறிக்கும் இபிஎஸ்ஜி 4326 என்ற ஆயமுறையில் இருக்கிறது. அதன் அலகு மீட்டர் அல்ல, டிகிரி. நிலநடுக்கோட்டில் ஒரு டிகிரியே சுமார் 111 கிலோமீட்டர். கருவியில் எண்ணுக்குப் பக்கத்திலேயே அலகு எழுதியிருக்கும், அவசரத்தில் கண்ணில் படாது. மீட்டரில் அளக்கும் யூடிஎம் என்ற ஆயமுறை உலகை 6 டிகிரி அகலத்தில் 60 மண்டலங்களாகப் பிரிக்கிறது. உங்கள் புள்ளிகள் விழும் மண்டலத்துக்குத் தரவை மாற்றிவிட்டு, மறுபடி 500 கொடுங்கள். சரியான வட்டம் வரும்.

படி 5: பிழையான படம், திருத்திய படம் இரண்டையும் சேர்த்து ஒரு பக்க விளக்கமாக எழுதி வேலையைப் பொதுவில் பகிரும் தளமான கிட்ஹப்பில் போடுங்கள். நேர்காணலில் நான் முதலில் காட்டச் சொல்வது அந்தப் பிழையான படத்தைத்தான்.

எக்செல் தாளில் தேதி போட்டு வைத்து, ஆறு மாதம் கழித்து அதே தேடல் சொற்களால் மறுபடி எண்ணுங்கள். சொற்களை மாற்றிவிட்டால் இரண்டு கணக்கையும் ஒப்பிட முடியாது.