காலநிலை மாறினால் ஓர் உயிரினம் எங்கே வாழும்? பரவல் மாதிரி செய்யும் முறை, முதலிலிருந்து

வட அமெரிக்காவின் மேற்கு மலைத்தொடர்களில் பைகா என்றொரு சிறு பாலூட்டி வாழ்கிறது. முயலுக்கு உறவு, ஆனால் காதும் குட்டை, உடலும் குட்டை. மலைச்சரிவில் சரிந்து கிடக்கும் பாறைக் குவியல்தான் அதன் வீடு. கோடையில் புல்லைச் சேர்த்து வைத்து, குளிர்காலத்தில் அதைத் தின்று பிழைக்கும். கடுங்குளிரைத் தாங்குகிற அந்த உடலுக்கு வெப்பம் ஆகாது. பூமி சூடாகச் சூடாக பைகாவுக்கு எந்த இடம் மிஞ்சும்? இப்படிப்பட்ட கேள்விக்கு வரைபடமாக விடை தேடும் முறைக்கு உயிரினப் பரவல் மாதிரி என்று பெயர். பைகாவை எடுத்துக்காட்டாக வைத்து அதைச் செய்து பார்ப்போம். நீங்கள் வேறொரு விலங்கையோ செடியையோ எடுத்துக்கொள்ளலாம், முறை மாறாது.

அடிப்படை எளிது. ஓர் உயிரினம் இதுவரை பார்க்கப்பட்ட இடங்களையும் அந்த இடங்களின் காலநிலையையும் கணினிக்குக் கொடுக்கிறோம். எப்படிப்பட்ட காலநிலை அதற்கு ஒத்துவருகிறது என்று கணினி கணக்கிடுகிறது. அப்புறம் எதிர்காலக் காலநிலையைக் கொடுத்து, அதே சூழல் எங்கெல்லாம் அமையும் என்று கேட்கிறோம். ஆக, கையில் கிடைப்பது காலநிலை பொருந்தும் இடங்களின் வரைபடம். உயிரினம் உண்மையில் அங்கே போய்ச் சேருமா, பிழைக்குமா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

கருவிகள்

எல்லாம் இலவசம். ஆர் என்ற நிரல்மொழியை நிறுவுங்கள். அதற்குள் இயங்கும் வாலஸ் என்ற செயலியில் நிரல் எழுதாமல் பொத்தான்களை அழுத்தியே முழு வேலையையும் செய்யலாம். கடைசியில் நீங்கள் செய்த படிகளை அது ஆர் நிரலாகவும் எழுதிக் கொடுக்கும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வரைபடங்களைத் திறந்து பார்க்க கியூஜிஐஎஸ் போதும்.

படி 1: பதிவுகளைச் சேர்ப்பதும் சுத்தம் செய்வதும்

ஜிபிஐஎஃப் என்ற உலகப் பல்லுயிர்த் தரவுத்தளத்தில் அருங்காட்சியக மாதிரிகளும் பொதுமக்கள் பதிந்த பார்வைகளும் சேர்ந்தே கிடைக்கும். அறிவியல் பெயரைக் கொடுத்துத் தேடுங்கள். பைகாவுக்கு அது ஒக்கோடோனா பிரின்செப்ஸ்.

இறக்கிய தரவை அப்படியே பயன்படுத்தாதீர்கள். முதலில் வரைபடத்தில் போட்டுக் கண்ணால் பாருங்கள். கடலுக்குள் விழுந்த புள்ளிகள், அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியவை, இரண்டுமே பூச்சியமாக இருப்பவை, ஒரு நாட்டின் நட்டநடுவில் உட்கார்ந்திருப்பவை எல்லாம் தெரியவரும். நடுவில் இருப்பவை பெரும்பாலும் நாட்டின் பெயரை மட்டும் வைத்து யாரோ குறித்த ஆயத்தொலைவுகள். புதைபடிவப் பதிவுகளையும் நீக்குங்கள். இட நிர்ணயத்தில் பல கிலோமீட்டர் பிழை இருக்கலாம் என்று பதிவிலேயே சொல்லியிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். மலை விலங்குக்கு இது மிக முக்கியம்: சில கிலோமீட்டர் விலகினால் உச்சியில் இருந்த பைகா பள்ளத்தாக்கில் இருப்பதாகக் கணினி நம்பிவிடும்.

இன்னொரு சிக்கல் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. மனிதர்கள் எளிதில் போகும் இடங்களில்தான் பதிவுகள் குவிகின்றன. சாலையோரத்தில் ஐம்பது பதிவு, ஏறமுடியாத முகட்டில் ஒன்றுகூட இல்லை. இதை அப்படியே விட்டால் சாலையோரத்தின் காலநிலைதான் உயிரினத்தின் விருப்பம் என்று மாதிரி கற்றுக்கொள்ளும். குறைந்தபட்சம் வரைபடத்தைச் சிறு சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு ஒரு பதிவு என்று குறைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: காலநிலைத் தரவு

வேர்ல்ட்கிளிம் தளத்தில் பயோ 1 முதல் பயோ 19 வரை பத்தொன்பது காலநிலைக் காரணிகள் இருக்கின்றன. பயோ 1 ஆண்டுச் சராசரி வெப்பநிலை, பயோ 5 மிக வெப்பமான மாதத்தின் உச்ச வெப்பநிலை, பயோ 12 ஆண்டு மழையளவு. இரண்டாம் பதிப்பின் அடிப்படைக் காலம் 1970 முதல் 2000 வரை. மிக நுணுக்கமான கோப்பில் ஒரு கட்டம் ஏறக்குறைய 1 கிலோமீட்டர். பழகும்போது 2.5 நிமிடக் கோப்பு போதும் (இங்கே நிமிடம் என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு), நிலநடுக்கோட்டருகே அதன் கட்டம் ஏறக்குறைய 4.6 கிலோமீட்டர்.

ஓர் எச்சரிக்கை: பழைய முதல் பதிப்பில் வெப்பநிலை பத்தால் பெருக்கப்பட்டு இருந்தது, இரண்டாம் பதிப்பில் நேரடி செல்சியஸ். நிகழ்காலத்துக்கு ஒரு பதிப்பும் எதிர்காலத்துக்கு இன்னொன்றும் எடுத்தால் விடை முழுக்கப் பாழ்.

பத்தொன்பதையும் மாதிரிக்குள் கொட்ட வேண்டாம். அவற்றில் பல ஒன்றோடொன்று பின்னிப்பிணைந்தவை. இன்று சேர்ந்தே ஏறி இறங்கும் இரண்டு காரணிகள் நாளைக்குப் பிரிந்து போகலாம், அப்போது மாதிரி தவறானதைப் பிடித்துக்கொண்டு போகும். இரண்டு காரணிகள் எவ்வளவு சேர்ந்தே மாறுகின்றன என்று சொல்லும் ஒட்டுறவுக் கெழு 0.7க்கு மேல் போகும் இணைகளில் ஒன்றை நீக்குவது வழக்கம். எதை வைத்துக்கொள்வது என்பதை உயிரினத்தின் வாழ்க்கையே சொல்லும். பைகாவுக்குக் கோடை வெப்பம் நேரடியாக உயிர்ப் பிரச்சினை. குளிர்காலத்தில் பனிப்போர்வை அதைக் கடுங்குளிரிலிருந்து காப்பதால் குளிர்மாத வெப்பநிலையும் மழைப்பொழிவும் வேண்டும். நான்கைந்து காரணிகள் போதும். பயோ 8, 9, 18, 19 ஆகியவற்றை நான் தவிர்ப்பேன். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்கிடையே அவற்றின் மதிப்புகள் செயற்கையாகத் தாவும் இடங்கள் உண்டு.

படி 3: பின்னணிப் பகுதி

நம்மிடம் உயிரினம் இருக்கும் இடங்களின் பட்டியல் மட்டுமே உண்டு, இல்லாத இடங்களின் பட்டியல் கிடையாது. அதனால் சுற்றுவட்டாரத்திலிருந்து ஆயிரக்கணக்கான பின்னணிப் புள்ளிகளை எடுத்து ஒப்பிடுகிறோம். எவ்வளவு பெரிய சுற்றுவட்டாரம்? அந்த உயிரினம் தன் வரலாற்றில் போய்ச்சேர வாய்ப்பிருந்த பகுதி மட்டும்தான். பைகாவுக்கு முழு வட அமெரிக்கக் கண்டத்தையும் எடுத்தால், புளோரிடாவில் பைகா வாழாது என்று கண்டுபிடித்ததற்கே மாதிரிக்கு நல்ல மதிப்பெண் விழும். அதில் நமக்கு ஒரு பயனும் இல்லை. பதிவுகளைச் சுற்றிச் சில நூறு கிலோமீட்டர் விளிம்பு விட்டுப் பகுதியை வரையறுத்துத் தொடங்குங்கள்.

படி 4: மாதிரியை ஓட்டுவது

2006இல் பிலிப்ஸ், ஆண்டர்சன், ஷபீர் ஆகியோர் வெளியிட்ட மேக்ஸென்ட் முறை இவ்வகைத் தரவுக்கென்றே அமைந்தது. வாலஸில் அதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு விஷயங்களை நீங்கள் முடிவு செய்ய வேண்டும்: ஒரு காலநிலைக் காரணி மாற மாறப் பொருத்தம் எப்படி மாறுகிறது என்று காட்டும் வரைகோடுகள் எவ்வளவு வளைந்து நெளியலாம், சிக்கலுக்கு எவ்வளவு தண்டனை கொடுப்பது. எதிர்காலத்துக்குக் கொண்டுபோகும் மாதிரி எளிமையாக இருப்பதே நல்லது. நேர்கோடும், ஒரே ஒரு வளைவுள்ள இருபடிக் கோடும் முதலில், தண்டனையின் அளவைக் குறிக்கும் பெருக்கியை 1 முதல் 4 வரை மாற்றிப் பாருங்கள்.

படி 5: சோதித்துப் பார்ப்பது

பதிவுகளில் கால்பங்கைக் குலுக்கல் முறையில் ஒதுக்கிச் சோதிப்பது பலர் செய்வது. ஆனால் ஒதுக்கிய புள்ளிக்குப் பக்கத்திலேயே மாதிரிக்குக் கற்றுக்கொடுத்த பயிற்சிப் புள்ளி இருக்கும், வினாத்தாளை முன்கூட்டியே பார்த்தவன் எழுதும் தேர்வைப் போல. அதற்குப் பதில் நிலப்பரப்பைப் பெரிய தொகுதிகளாகப் பிரித்து, ஒரு தொகுதியை முழுதாக மறைத்துவிட்டு மற்றவற்றால் அதை முன்கணியுங்கள். மதிப்பெண் குறையும், குறைந்தாலும் அதுதான் நேர்மையானது. உயிரினம் இருக்கும் இடங்களையும் பின்னணிப் புள்ளிகளையும் மாதிரி எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்று சொல்லும் மதிப்பெண் ஏயூசி. அது 0.5 என்றால் காசு சுண்டிப் போட்டதற்குச் சமம், 1 என்றால் முழுப் பொருத்தம்.

எண்ணைவிட, படி 4இல் சொன்ன அந்த எதிர்வினை வரைகோடுகளை நான் அதிகம் நம்புகிறேன். கோடை வெப்பம் ஏற ஏற பைகாவுக்குப் பொருத்தம் கூடுவதாகக் கோடு காட்டினால், ஏயூசி எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அந்த மாதிரியைத் தள்ளிவிடுங்கள்.

பழைய களக்குறிப்புகள் இருந்தால் இன்னும் வலுவான சோதனை செய்யலாம். விலங்கியலாளர் ஜோசப் கிரின்னல் குழுவினர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் யோசெமிட்டி மலைப்பகுதியில் சிறு பாலூட்டிகளை விரிவாகக் கணக்கெடுத்தார்கள். பிற்காலத்தில் அதே இடங்களுக்குத் திரும்பிப்போன ஆய்வாளர்கள் 2008இல் முடிவை வெளியிட்டார்கள். கவனித்த 28 இனங்களில் பாதிக்கு உயர எல்லை சராசரியாக 500 மீட்டர் அளவுக்கு மேலேறியிருந்தது. மீதிப் பாதி அப்படி நகரவில்லை. ஒரே மலை, ஒரே வெப்பமாதல், ஆனால் ஒவ்வோர் இனத்துக்கும் வெவ்வேறு எதிர்வினை. நேற்றைய தரவால் செய்த மாதிரி இன்றைய நிலையைச் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க இப்படிப்பட்ட பதிவுகள் பொக்கிஷம்.

படி 6: எதிர்காலத்துக்குக் கொண்டுபோவது

வேர்ல்ட்கிளிமிலேயே 2021 முதல் 2100 வரை இருபது இருபது ஆண்டுகளாகப் பிரித்த தரவு உண்டு. பசுமைக்குடில் வாயு உமிழ்வு எப்படிப் போகும் என்பதற்கு எஸ்எஸ்பி என்ற எதிர்காலக் காட்சிகள்: 1-2.6 உமிழ்வு விரைவாகக் குறையும் உலகம், 5-8.5 மிக உயர்ந்த உமிழ்வு. குறைந்தது இரண்டு காட்சிகளையும், ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு உலகக் காலநிலை மாதிரிகளையும் (பூமியின் காலநிலையைக் கணக்கிடும் கணினி மாதிரிகள்) எடுங்கள். ஒரே ஒரு காலநிலை மாதிரியை வைத்து முடிவு சொல்வது சரியல்ல. அவற்றுக்குள் வேறுபாடு பெரிது, குறிப்பாக மழையில். சராசரி வரைபடத்தோடு அவை எங்கே ஒத்துப்போகவில்லை என்ற வரைபடத்தையும் சேர்த்தே காட்டுங்கள்.

பயிற்சித் தரவில் இல்லவே இல்லாத வெப்பநிலை எதிர்காலத்தில் வரும். அங்கே மாதிரி சொல்வது வெறும் ஊகம். மெஸ் என்ற வரைபடம் அந்த இடங்களை அடையாளம் காட்டும், அவற்றை நிழலிட்டுக் காட்டுங்கள்.

படி 7: பரப்பைக் கணக்கிடுவது

ஒவ்வொரு கட்டத்துக்கும் மாதிரி தரும் பொருத்த மதிப்பில் ஒரு வரம்பை வைத்து, பொருத்தம் உண்டு, இல்லை என்று இரண்டாகப் பிரியுங்கள். பிறகு இன்றும் நாளையும் உள்ள இடங்கள், இழக்கும் இடங்கள், புதிதாகக் கிடைக்கும் இடங்கள் என்று பிரித்து அளவிடுங்கள். கட்டங்களை எண்ணி அப்படியே பரப்பு என்று சொல்லாதீர்கள். துருவத்தை நோக்கிப் போகப் போக கட்டம் சுருங்குகிறது, 60 பாகையில் நிலநடுக்கோட்டில் இருப்பதில் பாதிதான்.

புதிதாகக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் காகிதத்தில்தான். ஒரு சிகரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக பைகா வெப்பமான பள்ளத்தாக்கைக் கடக்க வேண்டும், அது பெரும்பாலும் நடக்காது. அதனால் நகரவே முடியாது என்ற கணக்கையும், எங்கும் போகலாம் என்ற கணக்கையும் தனித்தனியாகப் போடுங்கள். உண்மை அவற்றுக்கு நடுவில் எங்கோ இருக்கும்.

எதிர்த்திசையிலும் ஒரு பாடம் உண்டு. அமெரிக்காவின் வடமேற்கிலுள்ள கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கில் கடல்மட்டத்துக்குச் சற்றே மேலே பைகாக்கள் வாழ்கின்றன. பாறை இடுக்குகளின் குளுமையும், அங்கே அவை நிறையத் தின்னும் பாசியும் அவற்றைக் காக்கின்றன. பல கிலோமீட்டர் அகலமுள்ள கட்டத்துக்குள் அந்தக் குளுமை பதிவாவதில்லை. மாதிரி ஓர் இடத்தை அழித்துவிட்டால் அங்கே உயிரினம் நிச்சயம் அழியும் என்று எழுதாதீர்கள். தேடிப்போய்ப் பார்க்க வேண்டிய இடம் என்று எழுதுங்கள்.

படி 8: ஒன்றிலிருந்து பலவற்றுக்கு

பல்லுயிர் பற்றிப் பேச, ஒவ்வோர் இனத்துக்கும் இதே வேலையைச் செய்து வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்ட வேண்டும். வரம்பு வைத்து வெட்டிய வரைபடங்களைக் கூட்டினால் இனங்களின் எண்ணிக்கை மிகையாகவே வரும், வெட்டாத மதிப்புகளைக் கூட்டுவது மேல். எண்ணிக்கை மட்டும் போதாது. பத்து மலை இனங்கள் போய்ப் பத்து சமவெளி இனங்கள் வந்தால் கூட்டுத்தொகை மாறாது, ஆனால் அந்த மலை வேறொன்றாகிவிட்டது. எந்த இனங்கள் போயின, எவை வந்தன என்ற மாற்றத்தையும் கணக்கிடுங்கள். பதிவு மிகக் குறைவாக உள்ள அரிய இனங்களுக்கு மாதிரி செய்ய முடியாமல் விட்டுவிட்டால் அவற்றின் பெயர்களை வரைபடத்துக்குக் கீழேயே எழுதிவையுங்கள். பாதுகாப்பு அதிகம் தேவைப்படுவது பெரும்பாலும் அவற்றுக்குத்தான்.