பிள்ளைகளைக் கண்மாய்க்குக் கூட்டிப்போகத் தன்னார்வலர்களைத் தயார் செய்வது எப்படி?

பறவைகளைப் பற்றி நிறையத் தெரிந்தால் போதும் என்ற நினைப்பில்தான் நானும் ஆரம்பித்தேன். மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கண்மாய்க் கரை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரை நிற்கவைத்து நாமக்கோழியைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். முடித்ததும் ஒரு பையன் கைதூக்கினான். ஆஹா, கேள்வி வருகிறது என்று எனக்குச் சந்தோஷம். "அண்ணே, பொங்கல் எப்பண்ணே குடுப்பீங்க?"

அதிலிருந்து, பேசப் பழக்குவதைவிட வாயை மூடப் பழக்குவதற்குத்தான் என் பயிற்சியில் அதிக நேரம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் போதும்.

படி 1: ஆள் சேர்ப்பது

ஆறேழு பேர் போதும். விலங்கியல் படித்திருக்க வேண்டியதில்லை. காலை ஆறு மணிக்கு வந்து நிற்பவராக இருந்தால் சரி. ஆனால் அந்த ஊர்க்காரர் ஒருவர் கட்டாயம் வேண்டும். ஆடு மேய்ப்பவரோ மடை திறந்துவிடுபவரோ கிடைத்தால் விடாதீர்கள்.

படி 2: பிள்ளைகள் இல்லாமல் ஒரு நடை

முதல் ஞாயிறு இதற்கு. புதியவர்களுக்கு நான் சொல்லும் இடம் கீழக்குயில்குடி சமணர் மலை. அடிவாரத்திலேயே தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். பாறையில் சமணச் சிற்பங்கள். அரிட்டாபட்டிக்கும் ஆசை வரும். 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடமாயிற்றே! ஆனால் ஏழு குன்றுகள் உள்ள பெரிய இடம். இரண்டு மூன்று பயணம் பழகிய பிறகு போங்கள்.

நடக்கும்போது நிழல், வழுக்குப் பாறை, தேன்கூடு, கழிப்பறை எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கழிப்பறையை யோசிக்காமல் பெண்பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள். அப்புறம், உங்களுக்குப் பத்து நிமிடம் ஆகும் தூரம் பிள்ளைகளோடு அரைமணி நேரம் ஆகும்.

படி 3: பத்து உயிர், பத்துக் கேள்வி

தன்னார்வலர்கள் மொத்தமாகவே பத்து உயிர்களைத்தான் படிக்க வேண்டும். பெயரைச் சொல்வதற்கு முன் கேள்வி கேட்க வேண்டும். மூன்று உதாரணம் சொல்கிறேன்.

நாமக்கோழி: "இதுக்கு நீங்க பேர் வைக்கணும்னா என்ன வைப்பீங்க?" உடம்பு கறுப்பு, நெற்றி மட்டும் வெள்ளை. யாராவது ஒரு பிள்ளை "நாமம் போட்டிருக்கு" என்று சொல்லிவிடும். பெயரை அவர்களே கண்டுபிடித்த பிறகு நீங்கள் சொல்ல என்ன இருக்கிறது?

நீர்க்காகம்: "துணி காயப்போட்ட மாதிரி ஏன் நிக்குது?" அதன் இறகு தண்ணீரில் நனையும். அதனால்தான் சுலபமாக மூழ்கி மீன் பிடிக்கிறது. அதனால்தான் கரையேறி இறகை விரித்துக் காயவைக்கிறது.

எருக்கு: இலையைத் திருப்பினால் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரிப்புழு இருக்கலாம். "ஆடுகூடக் கடிக்காத செடியை இது எப்படித் தின்னுது?" வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு அது. எருக்கின் நஞ்சு அதன் உடம்பிலேயே தங்கிவிடுவதால் பறவைகள் அதைத் தொட யோசிக்கும். எருக்கம்பால் கண்ணில் பட்டுவிடக் கூடாது. இலையை நீங்களே திருப்பிக் காட்டுங்கள்.

கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். பெரும்பாலானவர்கள் நான்கைத் தாண்டுவதற்குள் விடையை உளறிவிடுவார்கள். இதற்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். "எனக்கும் தெரியலப்பா, பாப்போமா?" என்று கூச்சமில்லாமல் சொல்லவும் பழக்குங்கள்.

படி 4: ஒத்திகை

இரண்டாம் ஞாயிறு பாதிப் பேர் வழிகாட்டிகள், மீதிப் பேர் பிள்ளைகள். ஒருவர் ஓட வேண்டும், ஒருவர் கல்லெறிய வேண்டும், ஒருவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் கேட்க வேண்டும். எங்கள் கல்லூரி மாணவர் ஒருவர் இந்த வேடத்தில் வழிகாட்டியை அழவைக்காத குறைதான்.

படி 5: பாதுகாப்பு

இதில் விளையாட்டு வேண்டாம். பெற்றோரின் எழுத்துச் சம்மதத்தைப் பள்ளி வழியாக வாங்குங்கள். பத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர்கள். ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில். பெரியவர் யாரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. மண் அள்ளிய பள்ளம் மழைக்குப் பின் தண்ணீருக்கடியில் மறைந்திருக்கும் என்பதால், கண்மாய் விளிம்பிலிருந்து பத்தடி தள்ளியே நில்லுங்கள். பாம்பு கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். காலணி கட்டாயம். பாறை சுடத் தொடங்கும் முன், ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம்.

படி 6: டீக்கடை

பிள்ளைகளை அனுப்பிவிட்டு எல்லோரும் டீக்கடையில் உட்காருங்கள். நம்மால் பதில் சொல்ல முடியாத கேள்விகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எங்கள் நோட்டில் கடைசியாக இருப்பது, தாமரைக் குளத்தில் ஒரு சிறுமி கேட்டது: "தாமரை இலை தண்ணியிலயே கிடந்தும் நனையல, நீர்க்காகம் மட்டும் ஏன் நனையுது?" அடுத்த ஞாயிறு அங்கிருந்துதான் தொடங்கப்போகிறோம்.