பழைய நிரலை உடைக்காமல் கம்பைலரை வளர்ப்பது எப்படி

ஒரு நிரல்மொழியின் கம்பைலருக்கு (நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) 1.0 என்று எண் போடும்வரை இலக்கணத்தை இஷ்டப்படி திருத்தலாம், கீவேர்டுகளை (மொழி தனக்கென்று ஒதுக்கிய சொற்கள்) சேர்க்கலாம், எடுக்கலாம். அந்த எண்ணை நம்பி ஒருவர் எழுதிய நிரல் அடுத்த பதிப்பில் ஓடாமல் போனால் அவர் கேள்வி கேட்பார், கேட்பது நியாயம். எது மாறாது, எது மாறலாம், மாறினால் எந்த வழியில் மாறும் என்ற வாக்குறுதியை 1.0-க்கு முன்பே எழுதி முடித்துவிடுங்கள். கோ மொழி 2012 மார்ச்சில் 1.0 வெளியிட்டபோது அந்த ஆவணத்தையும் சேர்த்தே வெளியிட்டது.

சத்தம் போடும் உடைப்பும் போடாத உடைப்பும்

முதலில் உடைப்புகளைத் தரம் பிரித்துக்கொள்ளுங்கள். நேற்று கம்பைல் ஆன நிரல் இன்று பிழை காட்டி நின்றுவிட்டால் கோப்பும் வரியும் கையில் கிடைத்துவிடும், திருத்திவிடலாம். கம்பைல் ஆகி, ஓடி, வேறு விடை தந்தால்தான் ஆபத்து. சம்பளப் பட்டியலில் தப்பான தொகையாக அது மூன்று மாதம் கழித்துத் தலைகாட்டும். நிரலின் பொருள் மாறுவதைவிட, அது கம்பைல் ஆகாமல் நிற்பதே மேல். ஆவணத்தின் மற்ற விதிகளை இதிலிருந்து எழுதுங்கள்.

சத்தம் போடும் என்று நினைத்த மாற்றமே ஊமையாகிப் போவதும் உண்டு. சி மொழியில், அறிவிக்காத ஃபங்ஷனை அழைக்கும் வழக்கத்தை 1999-ஆம் ஆண்டின் தரநிலை நீக்கியது. ஜிசிசி கம்பைலரோ பல ஆண்டுகள் எச்சரிக்கையோடு விட்டுவைத்து, 2024-இல் வந்த 14-ஆம் பதிப்பில்தான் அதை இயல்பாகவே பிழையாக்கியது. நிரலில் இருந்தால் பிழை வரும், திருத்திக்கொள்ளலாம் என்றுதான் தோன்றும். ஆனால் பழைய சி மென்பொருள்களோடு வரும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டுகள் வேலை செய்யும் விதம் வேறு. பத்து வரியில் ஒரு சோதனை நிரலை எழுதி, கம்பைல் ஆனால் ‘இந்த வசதி இந்தக் கணினியில் உண்டு’, ஆகாவிட்டால் ‘இல்லை’ என்று அவை முடிவெடுக்கின்றன. அந்தச் சோதனை நிரலிலேயே ஹெடர் (ஃபங்ஷன்களை அறிவிக்கும் கோப்பு) சேர்க்காமல் எக்ஸிட் ஃபங்ஷனை அழைத்திருந்தால், புதிய கம்பைலர் அதை மறுக்கும். ஸ்கிரிப்ட் ‘வசதி இல்லை’ என்று குறித்துக்கொள்ளும். மென்பொருள் ஒரு பிழையும் காட்டாமல் கட்டி முடியும், அந்த வசதி மட்டும் இல்லாமல். இதைக் கண்டுபிடிக்க, பழைய கம்பைலரிலும் புதியதிலும் கான்ஃபிகர் ஓட்டி, அது உருவாக்கும் கான்ஃபிக் ஹெடர் கோப்புகள் இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். எச்சரிக்கையைப் பிழையாக உயர்த்தும் முன், உங்கள் கம்பைலரின் வெற்றி தோல்வியை வேறொரு கருவி விடையாகப் படிக்கிறதா என்று பாருங்கள்.

எதற்கு வாக்குறுதி, எதற்கு இல்லை

“கம்பைல் ஆகும் எல்லா நிரலும் என்றைக்கும் கம்பைல் ஆகும்” என்று எழுதாதீர்கள், காப்பாற்ற முடியாது. கம்பைலரில் இருக்கும் பிழையின் தயவில் கம்பைல் ஆகும் நிரல்களும் உலகில் உண்டு. இந்த அளவுக்கு எழுதினால் போதும்:

“1.0-இன் மொழி விவரணைப்படி சரியான நிரல், எல்லா 1.x பதிப்புகளிலும் கம்பைல் ஆகும், அதே பொருளில் ஓடும். விதிவிலக்குகள்: பாதுகாப்புக் குறை, விவரணைக்கு முரணான கம்பைலர் பிழை, விவரணையிலேயே உள்ள முரண், விவரணை வேண்டுமென்றே தீர்மானிக்காமல் விட்ட நடத்தை.”

இதற்குக் கீழே, வாக்குறுதிக்கு வெளியே இருப்பவற்றைப் பெயர் சொல்லியே எழுதுங்கள்: பிழைச் செய்திகளின் வாசகம், கம்பைலரின் உள் தரவு அமைப்புகள், ஆப்டிமைசேஷன் முடிவுகள், எச்சரிக்கைகளின் எண்ணிக்கை.

கடைசியில் சொன்ன எச்சரிக்கையில் ஒரு பள்ளம் இருக்கிறது. எச்சரிக்கை வந்தால் பிழையாகக் கொள்ளச் சொல்லிக் கட்டுகிறவர்கள் ஏராளம். நீங்கள் புதிய எச்சரிக்கை ஒன்றைச் சேர்த்தால் அவர்களுக்கு அது உடைப்பே. அதிலும், தான் எழுதாத, எங்கிருந்தோ இறக்கிய லைப்ரரியில் அது வந்தால் அவர்களால் திருத்தவும் முடியாது. ரஸ்ட் மொழியில் நிரலைக் கட்டும் கருவியான கார்கோ, வெளியிலிருந்து வரும் சார்பு லைப்ரரிகளில் எழும் எச்சரிக்கைகளுக்கு உச்சவரம்பு போட்டு அடக்கிவிடுகிறது. முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

தீர்மானிக்காமல் விட்ட நடத்தைகளை எழுதி வைத்தால் மட்டும் போதாது, கலைத்தும் போட வேண்டும். கம்பைலர் எப்போதும் ஒரே வரிசையில் தந்தால், அந்த வரிசையை நம்பி யாராவது நிரல் எழுதியே தீருவார். கோ மொழியில் மேப்பை (சாவியும் மதிப்பும் கொண்ட அட்டவணை) லூப்பில் சுற்றும்போது வரிசை ஒவ்வொரு முறையும் மாறி வருவது இதற்காகத்தான். வரிசைப்படுத்தும் ஃபங்ஷனில் அப்படிக் கலைக்கவில்லை. சம மதிப்புள்ள உறுப்புகளின் வரிசைக்கு வாக்குறுதி இல்லாதபோதும், 1.6 பதிப்பில் அல்காரிதம் மாறியதும் பழைய வரிசையை எதிர்பார்த்த டெஸ்டுகள் விழுந்தன.

முதலில் இறுக்கிப் பிடியுங்கள்

ஏற்காததைப் பிறகு ஏற்றால் பழைய நிரல் எதுவும் உடையாது. ஏற்றதைப் பிறகு மறுத்தால் உடையும். சந்தேகம் வந்தால் 1.0-இல் மறுத்துவிடுங்கள்.

தமிழில் பெயர் வைக்கும் வசதியையே எடுத்துக்கொள்வோம். ரஸ்ட் 2015-இல் 1.0 வந்தபோது ஆங்கில எழுத்துப் பெயர்களை மட்டுமே ஏற்றது, 2021-இல் 1.53 பதிப்பில்தான் மற்ற எழுத்துகளுக்குக் கதவு திறந்தது. நடுவில் எழுதிய ஒரு நிரலும் உடையவில்லை. திறக்கும் முன் ஒன்றைத் தீர்மானித்தாக வேண்டியிருந்தது. ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, பைட்டில் வேறு. ரஸ்ட் பெயர்களை என்எஃப்சி என்ற யூனிகோடு முறையில் ஒரே வடிவத்துக்கு இயல்பாக்கிவிடுவதால் இரண்டும் ஒரே வேரியபிள் ஆகின்றன. முதல் நாளே அவசரப்பட்டு, இயல்பாக்காமல் ஏற்றிருந்தால், பிறகு இயல்பாக்கும்போது வெவ்வேறாக இருந்த இரண்டு பெயர்கள் ஒன்றாகியிருக்கும். கோ இன்னும் இறுக்கம்: யூனிகோடு ‘எழுத்து’ என்று வகைப்படுத்தியவற்றையும் இலக்கங்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே பெயரில் ஏற்கிறது. புள்ளியும் கொம்பும் காலும் அந்த வகைக்குள் வராததால் ‘கணக்கு’ என்று வேரியபிளுக்குப் பெயர் வைக்க முடியாது. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது வருத்தமான குறைதான். ஆனால் தளர்த்தினால் யாருக்கும் சேதமில்லாமல் தீர்க்கக்கூடிய குறை.

கீவேர்டு சேர்ப்பது

புதிய கீவேர்டு என்றால், அந்தப் பெயரில் யாரோ ஏற்கெனவே வைத்திருக்கும் வேரியபிளைப் பறிப்பது. 2018-இல் பைதான் 3.7, அசிங்க் (async) என்ற சொல்லை முழுக் கீவேர்டாக்கியது. அதையே பாராமீட்டர் பெயராகவோ மாட்யூல் பெயராகவோ வைத்திருந்த லைப்ரரிகள் இலக்கணப் பிழையில் நின்றன. அதே ஆண்டு ஜாவா 10, வார் (var) என்பதைக் கீவேர்டாக்காமல், டைப் (தரவு வகை) பெயர் வரவேண்டிய இடத்தில் மட்டும் தனிப் பொருள் தந்தது. வார் என்று பெயரிட்ட பழைய வேரியபிள்கள் அப்படியே ஓடின. இடம் பார்த்துப் பொருள் கொள்ளும் கீவேர்டு முடிந்தால் அதையே எடுங்கள். முடியாவிட்டால் கீழே சொல்லும் பதிப்பாண்டுக்குள் (எந்த ஆண்டின் விதிப்படி எழுதியது என்று நிரலே சொல்லும் குறி) அடக்குங்கள். கீவேர்டின் பெயரையே சாதாரணப் பெயராக எழுத ஒரு மாற்று வழியும் கொடுங்கள். இல்லாவிட்டால் பழைய லைப்ரரியில் அந்தப் பெயரில் இருக்கும் ஃபங்ஷனை புதிய நிரல் அழைக்கவே முடியாது.

பதிப்பாண்டு எங்கே இருக்க வேண்டும்

பொருள் மாறியே ஆக வேண்டிய மாற்றங்களும் வரும். அப்போது, நிரல் எந்தக் காலத்து விதிப்படி எழுதப்பட்டது என்ற குறி அந்தப் பேக்கேஜுக்குள்ளேயே இருக்க வேண்டும். கமாண்ட் லைனில் கொடுக்கும் விருப்பமாக வைத்தால் கட்டும் நிரல் முழுவதற்கும் ஒரே விதி பாயும். நூறு லைப்ரரிகளில் கடைசி ஒன்று மாறும்வரை யாரும் மாற முடியாது. பைதான் 3.0 2008 டிசம்பரில் வந்தது. பைதான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்றுதான் நின்றது. இரண்டையும் ஒரே ஓட்டத்தில் கலக்க முடியாதது இந்த நீளத்துக்கு ஒரு பெரிய காரணம்.

ரஸ்ட் 2015, 2018, 2021, 2024 என்று நான்கு பதிப்பாண்டுகளை வைத்திருக்கிறது. ஒவ்வொரு பேக்கேஜும் தன் ஆண்டைத் தானே சொல்லும். ஒரே நிரலில் நான்கையும் இணைக்கலாம். இது முடிவதற்கு, ஆண்டு வேறுபாடுகள் கம்பைலரின் முன்பகுதியிலேயே கரைந்து, எல்லாம் ஒரே இடைநிலை வடிவத்துக்கு வந்துவிட வேண்டும். ஸ்டாண்டர்டு லைப்ரரி எல்லாருக்கும் பொது என்பதால், அதன் டைப்புகளின் அமைப்பை ஆண்டுவாரியாக மாற்றவே கூடாது. ஆண்டு குறிக்காத பேக்கேஜுக்கு ஆகப் பழைய விதியே பொருந்தும் என்றும் எழுதுங்கள். புதியதை இயல்பாக வைத்தால், கவனிப்பார் இல்லாத பழைய நிரல்கள்தான் முதலில் உடையும்.

கோவின் லூப் மாற்றத்தை இதற்கு முன்மாதிரியாகக் கொள்ளலாம். லூப்பின் வேரியபிள் முன்பு சுற்றுகள் அனைத்துக்கும் ஒன்றே. உள்ளே உருவாக்கிய ஃபங்ஷன்களைப் பிறகு ஓட்டினால், மூன்று பெயர்களை அச்சிட வேண்டியவை கடைசிப் பெயரையே மூன்று முறை அச்சிடும். 2024 பிப்ரவரியில் வந்த 1.22 ஒவ்வொரு சுற்றுக்கும் தனி வேரியபிள் தந்தது. இது சத்தமில்லாத மாற்றம். அதனால் மாட்யூல் கோப்பில் கோ 1.22 அல்லது அதற்கு மேல் என்று எழுதியவர்களுக்கு மட்டுமே பாய்ந்தது. முந்திய 1.21 பதிப்பிலேயே சோதனை விருப்பமாகக் கிடைத்தது. டெஸ்ட் விழுந்தால் எந்த லூப் காரணம் என்று பாதி பாதியாக நறுக்கித் தேடும் கருவியும் உடன் வந்தது. அந்தக் கருவியைத் தவறவிடாதீர்கள். பத்தாயிரம் லூப்புகளில் ஒன்றைக் கண்ணால் தேட முடியாது.

உண்மையான நிரலில் அளப்பது

ரஸ்ட் குழுவின் கிரேட்டர் என்ற கருவி, பொதுவில் கிடைக்கும் ரஸ்ட் நிரல்களைப் பழைய கம்பைலர், புதிய கம்பைலர் இரண்டிலும் கட்டி ஒப்பிடுகிறது. சிறிய மொழிக்கு இருநூறு திட்டங்களோடு தொடங்கலாம். ஒவ்வொன்றின் கமிட்டையும் (மூலநிரலின் எந்த நிலை என்ற குறி) சார்பு லைப்ரரிகளின் பதிப்பையும் உறையவையுங்கள். இல்லாவிட்டால் எது மாறியதால் உடைந்தது என்று தெரியாது. இரண்டிலும் விழுந்ததை ஒதுக்குங்கள். பழையதில் ஓடி, புதியதில் விழுந்ததை மூன்று முறை திரும்ப ஓட்டுங்கள்; நெட்வொர்க்கும் நேரமும் சார்ந்த டெஸ்டுகள் அதில் கழிந்துவிடும். கட்டுவதோடு நிறுத்தாமல் டெஸ்டுகளையும் ஓட்டினால்தான் சத்தமில்லாத உடைப்பு சிக்கும்.

சேர்ப்பது மட்டும்தானே, எதையும் எடுக்கவில்லையே என்று இந்த அளவீட்டைத் தாண்டிப் போகாதீர்கள். 2024 ஜூலையில் வந்த ரஸ்ட் 1.80, ஸ்டாண்டர்டு லைப்ரரியில் ஒரு டைப்புக்குப் புதிய ட்ரெய்ட் (டைப்புகள் நிறைவேற்றும் செயல்களின் தொகுப்பு) இம்ப்ளிமென்டேஷனைச் சேர்த்தது. அதுவரை ஒரே ஒரு விடைதான் சாத்தியம் என்பதால் டைப்பைத் தானே ஊகித்துவந்த கம்பைலர், இரண்டு விடைகளைக் கண்டதும் ‘எது என்று சொல்லுங்கள்’ என்று நின்றுவிட்டது. பரவலாகப் பயன்படும் டைம் லைப்ரரியின் பழைய பதிப்புகள் கம்பைல் ஆகவில்லை. லைப்ரரியில் திருத்தம் வந்திருந்தாலும், லாக் கோப்பில் பழைய பதிப்பைப் பூட்டிவைத்தவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. டைப் ஊகம் உள்ள மொழி என்றால் இந்த வகை மாற்றத்துக்குத் தனி விதியே எழுதுங்கள்.

நீக்குவதற்கான கால அட்டவணை

எச்சரிக்கை, பிறகு அணைக்கக்கூடிய பிழை, பிறகு நீக்கம். படிகளுக்கு நடுவே குறைந்தபட்சக் காலத்தை எண்ணில் எழுதுங்கள். பழைய நடத்தைக்குத் திரும்ப உதவும் கோடீபக் அமைப்புகளைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள், அதாவது நான்கு ரிலீஸ்கள், வைத்திருப்பதாகக் கோ சொல்கிறது. எச்சரிக்கை இந்த அளவுக்குப் பேச வேண்டும்: “பழைய வடிவம், 1.8 முதல் கைவிடப்பட்டது, 1.12-இல் பிழையாகும், பதிலாக இதை எழுதுங்கள்.” மாற்று வடிவத்தைக் கம்பைலரே கோப்பில் எழுதித்தரும் கருவி தயாராகும்வரை எச்சரிக்கையை வெளியிடாதீர்கள்.

முடிவாகாத வசதிகளை நிலையான ரிலீஸில் யாரும் இயக்கவே முடியாதபடி வையுங்கள். ரஸ்டில் அவை நைட்லியில் (தினமும் வெளியாகும் சோதனைப் பதிப்பு) மட்டும். ஆறு வாரத்துக்கு ஒரு நிலையான ரிலீஸ் வருவதால் காத்திருப்பதும் சிரமமில்லை. பைனரி இணக்கத்துக்கு (கம்பைல் ஆன கோப்புகள் மீண்டும் கம்பைல் செய்யாமலே சேர்ந்து ஓடுவது), தர முடியாது என்றால் தரவில்லை என்று ஒரு வரி போதும். ரஸ்ட் தன் சொந்த பைனரி இடைமுகத்துக்கு (ABI) வாக்குறுதி தருவதில்லை.

பீட்டாவில் உடைப்பு தெரிந்தால் முதலில் மாற்றத்தைத் திரும்ப எடுங்கள், விவாதம் பிறகு. ரிலீஸ் நெருங்கும் வாரத்தில் ‘சின்னத் திருத்தம் போட்டுவிடலாம்’ என்ற பேச்சு கட்டாயம் வரும். திருத்தம் அடுத்த ரிலீஸுக்கு என்று ஆவணத்திலேயே எழுதியிருந்தால், அந்த வாரத்தில் யாரும் யாரோடும் வாதாட வேண்டியிருக்காது.