டிஸ்க் நிரம்பினால் முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

யாழ்ப்பாணம் கந்தர்மடத்தில் தரவுத்தள வேலை பார்க்கும் நாலைந்து பேர் சனி பின்னேரங்களில் கூடிக் கதைப்போம். தேத்தண்ணி, வடை, அந்தக் கிழமை வாங்கிக் கட்டிய அடி. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெடியளும் வருவார்கள். போன முறை ஒரு தம்பி தன் கதையைச் சொல்லத் தொடங்கியதும் எனக்கு வடை இறங்கவில்லை. பல வருடத்துக்கு முன் நான் ஆடிய அதே கூத்து.

புதிய ஆட்கள் விடும் பிழைகளில் சிலதைத்தான் சொல்லப் போகிறேன். நிபந்தனை போடாமல் டிலீட் அடிப்பது, பாஸ்வேர்டை எழுதி மொனிற்றரில் ஒட்டுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை சூடு கண்டால் தானாக நிற்கும்.

‘லொக்’ (log) என்றால் குப்பை என்று நினைப்பது

அப்போது எங்களிடம் ஓடியது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 9.4 பதிப்பு. ஒரு காலை டிஸ்க் நூறு வீதம் நிரம்பி, தரவுத்தளம் படுத்துவிட்டது. எந்த ஃபோல்டர் பெரிதென்று பார்த்தால் ‘பிஜி எக்ஸ்லொக்’. பெயரிலேயே ‘லொக்’ கிடக்கிறதே, பழைய குறிப்புகள்தானே என்று முழுவதையும் அழித்தேன்.

அது குறிப்பேடு இல்லை. தரவில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் முதலில் அங்கேதான் எழுதப்படும், வழமையாக 16 எம்பி துண்டுகளாக. தரவுக் கோப்புகளுக்கு அது பிறகுதான் போய்ச் சேரும். இடையில் சேர்வர் விழுந்தால், எழும்பும்போது அந்தத் துண்டுகளை வாசித்துத்தான் தன்னைச் சரிசெய்துகொள்ளும். நான் அழித்தபின் சேர்வர் எழும்பவேயில்லை. கட்டாயப்படுத்தி எழுப்பும் ஒரு கருவி உண்டு, அதையும் ஓட்டினேன். எழும்பியது, ஆனால் ஒரே பில் இரண்டு தரம் நின்றது, சில பில்களைக் காணவில்லை. கடைசியில் முந்தைய இரவு எடுத்துவைத்த பக்கப்பை (தரவின் காப்புப் பிரதியை) ஏற்றி, கார்பன் பிரதிகளைப் பார்த்து ஒரு நாள் பில்களை மூன்று இரவு இருந்து திரும்ப அடித்தோம்.

இதில் நான் தனியாள் இல்லை. உலகம் முழுக்க ஆட்கள் இப்படி அழித்ததால்தான் 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் அந்த ஃபோல்டரின் பெயரையே ‘பிஜி வல்’ என்று மாற்றினார்கள். அழிக்கக்கூடாத இன்னொரு ஃபோல்டரான ‘பிஜி சிலொக்’கும் அதே காரணத்தால் ‘பிஜி எக்ஸக்ட்’ ஆனது.

பெயர் மாறியும் தம்பி அழித்திருக்கிறார். வட்ஸ்அப்பில் அவர் கேட்டது ஒரே வரி: “அண்ணை, டிஸ்க் ஃபுல், என்ன செய்யிறது?” யாரோ “பழைய லொக்கை அழிச்சு விடும்” என்று போட்டிருக்கிறார். சொன்னவர் நினைத்தது பிழைச்செய்திகள் எழுதப்படும் ஃபோல்டரை. தம்பி கை வைத்தது எல்லாவற்றிலும் பெரிதாக இருந்ததில்.

தம்பியின் நோய் வேறெங்கோ இருந்தது. தரவின் நகலை வைத்திருந்து பிறகு நிறுத்திவிட்ட ஒரு ரெப்ளிக்கா சேர்வரின் ஸ்லொட்டை, அதாவது அது எதுவரை வாங்கியது என்ற பதிவை, யாரும் நீக்கவில்லை. அந்தச் சேர்வர் வந்து வாங்கும் என்று போஸ்ட்கிரெஸ் பழைய துண்டுகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தது. என் விஷயத்தில் துண்டுகளை வேறிடத்தில் நகலெடுத்து வைக்கும் ஆர்க்கைவ் கட்டளை நாட்கணக்காகத் தோற்றுக்கொண்டிருந்ததால் அவை தேங்கின. இரண்டுக்கும் வழி ஒன்றுதான்: டிஸ்க்கைக் கொஞ்சம் பெருப்பித்தோ, தரவுத்தளத்தோடு சம்பந்தமில்லாத கோப்புகளை வேறிடம் நகர்த்தியோ மூச்சுவிட இடம் கொடுத்து, சேர்வரை எழுப்பி, காரணத்தை நீக்குவது. மாற்றங்களைத் தரவுக் கோப்புகளில் எழுதி முடிக்கும் அடுத்த செக்பொயின்ற்களில் துண்டுகளை அதுவே அழித்துக்கொள்ளும். 13ஆம் பதிப்பிலிருந்து ஸ்லொட் பிடித்துவைக்கும் அளவுக்கு உச்சவரம்பு வைக்கலாம். நீங்களாக வைக்காவிட்டால் வரம்பே இல்லை.

கேள்வியைப் பாதியாகக் கேட்பது

பதிப்பு எண், பிழைச்செய்தி அப்படியே, இதுவரை செய்தவை. மூன்றும் இல்லாத கேள்விக்கு நான் இப்போது பதில் போடுவதில்லை.

சான்றிதழ் பரீட்சைக்குப் பழைய வினாக்களைப் பாடமாக்குவது

வேண்டாம்.

பிழையை மூடி வைப்பது

2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லாப் நிறுவனப் பொறியாளர் ஒருவர் தவறான சேர்வரில் தரவு ஃபோல்டரை அழித்தார். பக்கப்பைத் தேடினால், போஸ்ட்கிரெஸ் 9.6 தரவுத்தளத்துக்குப் பழைய 9.2 பதிப்பின் பக்கப் கருவி ஓடி, சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது. ஏறத்தாழ ஆறு மணிநேரத் தரவு போனது. மீட்பு வேலையை அவர்கள் நேரலையில் காட்டினார்கள். பிறகு முழுவதையும் எழுதி வெளியிட்டார்கள். பக்கப்பை ஏற்றிப் பார்க்கவேண்டும் என்று எங்கள் பெடியளுக்கு நான் சொல்லும்போதெல்லாம் கைகொடுப்பது அந்தக் கதைதான்.

நான்? மூன்று இரவுக் கதையை ஒருவருக்கும் சொல்லவில்லை. தம்பி சொல்லி முடித்தபிறகுதான் வாய் திறந்தேன். அவர் கேட்டார்: “அண்ணை, இதைப் போன வருசமே சொல்லியிருக்கலாமே?”