திரையில் சரியாக இருக்கும் கேட் (CAD, கணினியில் வரையும்) வரைபடம் தாளில் ஏன் கெட்டுப்போகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரைபடம் திரையில் நன்றாக இருக்கிறது, தாளில் வந்ததும் அளவு மாறி, கோடு வெளுத்து, சில இடங்களில் ஒன்றுமே இல்லாமல் வருகிறது. உடனே எல்லாரும் திட்டுவது பிரிண்டரைத்தான், ஆனால் பெரும்பாலும் தப்பு அதன்மேல் இருக்காது. வரையும்போதே முடிவு செய்திருக்க வேண்டியதைக் கடைசி நிமிடத்தில் பிளாட் பெட்டிக்குள் (அச்சு அமைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் இடம்) உட்கார்ந்து முடிவு செய்வதால்தான் இத்தனை தாள் வீணாகிறது. கணினியில் வரையும் மென்பொருளான ஆட்டோகேடை வைத்துச் சொல்கிறேன். மற்ற மென்பொருள்களில் பெரும்பாலும் பெயர்தான் மாறும்.

எல்லாவற்றிலும் மோசமானது "ஃபிட் டு பேப்பர்". இதில் டிக் இருந்தால், தாளை நிரப்புவதற்குத் தோதாக 1:113.7 மாதிரி ஏதோ ஒரு ஸ்கேலை மென்பொருள் தானே எடுத்துக்கொள்ளும். டைட்டில் பிளாக்கில் (வரைபடத்தின் பெயர், ஸ்கேல் எழுதும் கட்டம்) 1:100 என்றே எழுதியிருக்கும், ஆனால் எந்தச் சுவரை அளந்தாலும் கணக்கு உதைக்கும். பார்த்துத் திருத்துவதற்கு எடுக்கும் பிரதி என்றால் பரவாயில்லை. வேலை நடக்கும் இடத்துக்குப் போகிற தாளில் மட்டும் தயவுசெய்து வேண்டாம், அங்கே ஒருவர் அதை நம்பி அளப்பார்.

மாடலில், அதாவது வரையும் இடத்தில், நிஜ அளவில் வரையுங்கள். லேஅவுட்டில் (அச்சாகும் தாளைக் காட்டும் பக்கம்) தாளின் அளவைத் தேர்ந்தெடுத்து, வியூபோர்ட்டுக்கு (தாளில் மாடலைக் காட்டும் சன்னல்) 1:100 கொடுத்து, அதை லாக் செய்துவிட்டு, லேஅவுட்டை 1:1 என்று பிளாட் செய்யுங்கள். இந்த லாக்கைத்தான் நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். லாக் இல்லாத வியூபோர்ட்டுக்குள் போய் மவுஸ் சக்கரத்தை ஒருமுறை உருட்டினாலே ஸ்கேல் மாறிவிடும், அதுவும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. இன்னொன்று, மாடல் மீட்டரிலும் தாள் மில்லிமீட்டரிலும் இருந்தால் 1:100 கிடைக்க வியூபோர்ட்டில் 10:1 கொடுக்க வேண்டும், ஏனென்றால் 1 மீட்டர் தாளில் 10 மி.மீ. ஆக வர வேண்டும்.

இதையெல்லாம் சரியாகச் செய்து பிடிஎஃப் ஆக்கி, அந்தப் பிடிஎஃப்பை அச்செடுக்கும் இடத்தில் கோட்டைவிடுவதும் சகஜம். பிடிஎஃப் மென்பொருளிலும் "ஃபிட்" என்று ஒன்று இருக்கிறது. அது 97 சதவீதமாகச் சுருக்கினால், 1:100-ல் 50 மி.மீ. வர வேண்டிய 5 மீட்டர் சுவர் 48.5 மி.மீ. தான் வரும், அளப்பவருக்கு அது 4.85 மீட்டர். "ஆக்சுவல் சைஸ்" போட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஏ1 தாளுக்குச் செய்ததை ஏ3-ல் எடுத்தால் நீளம் சரிபாதியாகும், 1:100 என்பது 1:200 ஆகிவிடும், 2.5 மி.மீ. எழுத்து 1.25 மி.மீ. ஆகிப் படிக்கவே முடியாது. ஏ3-ம் வேண்டும் என்று முன்பே தெரிந்தால் அதற்குத் தனி லேஅவுட் வைப்பதுதான் நல்லது.

அடுத்து கோடுகள். கறுப்புத் திரையில் பளிச்சென்று தெரியும் மஞ்சள் கோடு வெள்ளைத் தாளில் தேய்ந்து போகும். பிளாட் ஸ்டைலில் மோனோக்ரோம் சிடிபி (எந்த நிறக் கோடு எப்படி அச்சாக வேண்டும் என்று சொல்லும் கோப்பு) தேர்ந்தெடுத்தால் எல்லாம் கறுப்பாக வரும், ஆனால் அதற்கும் பிடிபடாத கோடுகள் உண்டு: ட்ரூ கலர் (எண் இல்லாமல், சிவப்பு, பச்சை, நீலக் கலவையாகத் தரும் நிறம்) கொடுத்தவை. சிடிபி பார்ப்பது 1 முதல் 255 வரையுள்ள எண் நிறங்களை மட்டும்தான். அதனால் வரைபடம் முழுக்கக் கறுப்பாக வந்து நாலு கோடு மட்டும் நிறத்தோடு நின்றால் முதலில் இதைப் பாருங்கள். பட்டியலில் சிடிபியே தெரியாமல் எஸ்டிபி (நிறத்துக்குப் பதில் பெயரை வைத்து இயங்குவது) மட்டும் தெரிகிறதா? கோப்பு வேறு வகை பிளாட் ஸ்டைலில் இருக்கிறது, கன்வர்ட்பிஸ்டைல்ஸ் கட்டளையால் மாற்றலாம்.

விட்டுவிட்டு வர வேண்டிய கோடு தாளில் முழுக்கோடாக வந்தால், எல்டிஸ்கேல், பிஎஸ்எல்டிஸ்கேல், எம்எஸ்எல்டிஸ்கேல் என்று கோட்டின் இடைவெளியை ஆளும் மூன்று அமைப்புகளையும் 1 ஆக வைத்து ரீஜென் (திரையைப் புதுப்பிக்கும் கட்டளை) செய்து பாருங்கள், பல கோப்புகளில் இதுவே போதும்.

திரையில் இருப்பது தாளில் வரவே இல்லை என்றால் லேயரை (கோடுகளைப் பிரித்து வைக்கும் அடுக்கு) பாருங்கள். டெஃப்பாயிண்ட்ஸ் என்ற லேயரை, நீங்கள் முதல் டைமென்ஷன் (அளவுக் குறிப்பு) போடும்போதே மென்பொருள் உருவாக்கிவிடுகிறது, அதில் உள்ள எதுவும் அச்சாகாது. தெரியாமல் அதில் சுவரை வரைந்துவிட்டால் அச்சில் சுவர் இருக்காது. வியூபோர்ட் சட்டம் தாளில் வராமல் இருக்கச் சிலர் வேண்டுமென்றே அதை இந்த லேயரில் வைப்பார்கள், ஆனால் அதற்கென்று ஒரு லேயர் உருவாக்கி, பிளாட்டை அணைத்து வைப்பதே குழப்பமில்லாத வழி. மங்கலாக வர வேண்டிய ஹேட்ச் (பரப்பை நிரப்பும் வடிவம்) அடர்த்தியாக வந்து எழுத்தை மறைத்தால், பிளாட் பெட்டியில் பிளாட் டிரான்ஸ்பரன்சி டிக் இல்லாமல் இருக்கும்.

வேறொரு கணினியில் அச்செடுக்கப் போகிறீர்கள் என்றால் டிடபிள்யூஜி (ஆட்டோகேட் வரைபட) கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அங்கே ஃபாண்ட் இருக்காது, எக்ஸ்ரெஃப் (வரைபடத்தோடு இணைத்த வேறு கோப்பு) கிடைக்காது, உங்கள் சிடிபியும் இருக்காது, திறக்கும் வரைபடம் நீங்கள் வரைந்ததாகவே தெரியாது. இடிரான்ஸ்மிட் என்ற கட்டளையைக் கொடுத்தால் இவற்றைச் சேர்த்து ஒரே கட்டாகத் தரும். அதைவிடப் பிடிஎஃப் ஆக்கி, பெரிதாக்கிப் பார்த்து, தெரிந்த நீளம் ஒன்றை அதிலேயே அளந்துவிட்டு அனுப்புவதைத்தான் நான் சொல்வேன். லேஅவுட்டில் ஒரு கிராஃபிக் ஸ்கேல் பட்டையும் (நீளங்களைக் குறித்த அளவுகோல்) வரைந்து வையுங்கள்: யாராவது தாளைச் சுருக்கி எடுத்தாலும் பட்டையும் சேர்ந்தே சுருங்கும், அதை வைத்து அளப்பவருக்குச் சரியான நீளம் கிடைக்கும்.