கத்திப்பிடிக்குக் கெட்டி மரம் மட்டும் போதாது

கத்தி செய்யப் பழகுகிறவர்கள் இரும்பைப் பற்றித்தான் ஓயாமல் கேட்கிறார்கள். லாரி ஸ்பிரிங் பட்டை நல்லதா, எண்ணெயில் தோய்ப்பதா, தண்ணீரில் தோய்ப்பதா என்று கேள்வி நீளும். பிடி என்று வந்ததும் ‘கெட்டியான மரமாகப் பார்த்துப் போட்டால் சரி’ என்று முடித்துவிடுகிறார்கள். பழுதுபார்க்க வரும் கத்திகளில் அலகு உடைந்தவை குறைவு. பிடி ஆடியும் பிளந்தும் கழன்றும் வருபவைதான் அதிகம். பெரும்பாலும் அதற்குக் காரணம் மரத்தின் பலக்குறைவு இல்லை, அதிலிருந்த ஈரம்.

வெட்டிய கிளையைச் சில வாரங்கள் வெயிலில் போட்டுவிட்டுப் பிடி செதுக்குவது முதல் தவறு. மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, குறுக்கேதான் சுருங்கும். அந்தக் குறுக்கிலும் வளையங்களின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால் வட்டமாகத் துளைத்த ஓட்டை காய்ந்த பிறகு வட்டமாக இருப்பதில்லை. அங்குல கனத்துக்கு ஓராண்டு நிழலில் காய வேண்டும் என்பது பழைய கணக்கு. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் கட்டை தயார். வெட்டுமுனைகள் இரண்டிலும் மெழுகோ பெயிண்டோ பூசிவிட வேண்டும். ஈரம் அந்த வழியாகத்தான் வேகமாக வெளியேறும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும்.

பிடி ஆட ஆரம்பித்ததும் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப் போடும் பழக்கம் மண்வெட்டியிலிருந்து அரிவாள்வரை எல்லாவற்றுக்கும் இருக்கிறது. காலையில் எடுத்துப் பார்த்தால் இறுகியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் உள்ளே நடப்பது வேறு. ஊறிய மரம் ஊதும், பிடிக்குள் இறங்கியிருக்கும் அலகின் வால், அதாவது இரும்புக் காம்பு, வழிவிடாது. போக இடமில்லாத நார்கள் காம்பின்மேல் அழுந்தி நசுங்கும். மறுபடி காயும்போது அந்த நசுங்கிய அளவிலிருந்துதான் சுருங்கும். எனவே ஓட்டை முன்பைவிடப் பெரிதாகிவிடும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் ஆப்பு அடித்தாலும் நிற்காது. உள்ளே போன தண்ணீர் காம்பில் துருவையும் ஏற்றும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் பிடி உள்ளிருந்தே பிளக்கும்.

மரத் தேர்வில், கருவேலமா புளியா என்பதைவிட அந்தக் கட்டை வைரமா (நடுவில் முற்றிய பகுதி) வெளிறா (வெளிப்புற இளம் பகுதி) என்பதுதான் முக்கியம். புளியின் வைரம் இரும்பாக நிற்கும், அதே மரத்தின் வெளிறைப் பூச்சி துளைத்து மாவாக்கிவிடும். கருவேலமும் கொய்யாவும் அதிர்ச்சி தாங்கும் மரங்கள், ஓங்கி வெட்டும் கத்திக்கு அவைதான் என் தேர்வு. கருங்காலி கனமானது, அழகானது. ஆனால் காயும்போது மயிரிழை வெடிப்புகள் விடும். (கருங்காலி மாலை அணியும் மோகத்தில் அந்தப் பெயரில் விற்கப்படுவதெல்லாம் கருங்காலியும் இல்லை.) ஈட்டி மரம் வாங்குவதானால் ரசீதோடு வாங்குங்கள். 2017 முதல் அந்த மர இனம் முழுவதன் பன்னாட்டு வணிகமும் கட்டுப்பாட்டின் கீழ் இருக்கிறது.

நார் ஓட்டத்தைப் பார்க்காமல் பலகையிலிருந்து அறுத்துவிடுவதும் வழக்கமான பிழை. பிடியின் பக்கவாட்டில் தெரியும் கோடுகள் முனைக்கு முனை ஓட வேண்டும். நடுவில் சாய்ந்து வெளியேறினால், உடைவது அந்த இடத்தில்தான். சந்தேகமிருந்தால் அறுக்காமல் பிளந்து எடுங்கள். பிளவு நாரோடுதான் போகும்.

காம்பைப் பழுக்கக் காய்ச்சி மரத்தில் இறக்குவது நல்ல முறைதான், அவசரப்பட்டால் கெடும். சிறிய துளை போடாமல் ஒரே மூச்சில் சுட்டு இறக்கினால் ஓட்டையைச் சுற்றிக் கரிதான் மிஞ்சும். கரி உதிர்ந்ததும் பிடி ஆடும். முதலில் துளையிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சுட்டு, ஒவ்வொரு முறையும் கரியைச் சுரண்டி எடுக்க வேண்டும். அலகை ஈரத்துணியால் சுற்றிக்கொள்ளாவிட்டால் சூடு ஏறி அதன் பதம் போய்விடும். வெட்டும் விளிம்பில் நீலநிறம் ஓடியிருந்தால் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் தொட்டிருக்கிறது, அந்த இடம் இளகிவிட்டது என்று பொருள். பிடியின் வாய்க்குப் பித்தளைப் பூண் போடாமல் விட்டால், முதலில் பிளப்பதும் அந்த வாய்தான்.

இருபுறமும் மரத்துண்டு வைத்து ரிவிட் அடிக்கும் கத்தியில் வேறு சிக்கல்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்சி பசை ஈரத்துக்கு விரைவில் விட்டுக்கொடுக்கும், மெதுவாக இறுகுவதையே வாங்குங்கள். கிளாம்பை முழு பலத்தோடு முறுக்கினால் பசை எல்லாம் வெளியே வழிந்து நடுவில் ஒன்றும் இருக்காது. இரும்பைப் பளபளவென்று விடாமல் முரட்டு உப்புத்தாளால் கீறிவிடுங்கள். ஈட்டி, தேக்கு போன்ற எண்ணெய்ப்பசை மரங்களை ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைக்க வேண்டும். ரிவிட்டை ஒரே அடியில் விரிக்கப் பார்த்தால் துளையோரம் மரம் கீறும். பிடியின் முன்முகத்தை ஒட்டுவதற்கு முன்பே தேய்த்து முடித்துவிடுங்கள். பிறகு தேய்த்தால் அலகில் கோடு விழும்.

முழு உருண்டைப் பிடி கையில் சுழலும், முட்டைவடிவமே சரி. கண்ணாடிபோல் வார்னிஷ் அடித்தால் வழுக்கும். அது வெடித்தால் அடியில் ஈரம் தங்கும். தேங்காய் எண்ணெய் காய்ந்து இறுகாது. ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்து, காயவிட்டு மறுபடி தடவுங்கள்.

தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துப் போட்டு வெளியே காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்திவிடுங்கள்.