சக்கரம் இல்லாமல் ஒரு சட்டி: மண்பாண்டப் பயிலரங்குக்குப் போகும் புதியவர்களுக்கு

1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு ஆரோவில் வரைக்கும் அந்த வட்டாரத்தில் பட்டறைகள் பெருகிவிட்டன. தங்கிப் படிக்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வந்ததும் சக்கரத்தில் உட்கார ஆசை. முதலில் கையால் வனையுங்கள் என்பேன். மணிப்பூரின் ஆண்ட்ரோ, லோங்பி ஊர்களில் இன்றும் சக்கரம் தொடாமல்தான் பானை செய்கிறார்கள்.

கைவனைவுக்குத் தங்கிப் படிப்பதுதான் சரி. காலையில் தொடங்கிய சட்டி மதியம்தான் அடுத்த திரியை, அதாவது கயிறு போல உருட்டிய மண்ணை, தாங்கும். வாரம் ஒரு மணி நேர வகுப்பில் அந்தப் பதத்தைப் பிடிக்கவே முடியாது.

1. பிசைதல்

சப்பாத்தி மாவைப் போல மடித்து மடித்துப் பிசையாதீர்கள், காற்று உள்ளே போய்விடும். உள்ளங்கையால் முன்னால் அழுத்தித் தள்ளி, உருட்டி, மறுபடி தள்ளுங்கள். பிறகு கம்பியால் இரண்டாக அறுத்துப் பாருங்கள். வெட்டிய முகத்தில் ஓட்டைகள் தெரிந்தால் வேலை இன்னும் பாக்கி.

2. அடிப்பாகம்

ஆரஞ்சு அளவு உருண்டை போதும். நடுவில் கட்டைவிரலை இறக்குங்கள். அடியில் ஒரு விரல் கனம் மிச்சம் இருக்கட்டும். உருண்டையைச் சுற்றிக்கொண்டே அடியிலிருந்து மேலே கிள்ளிக்கொண்டு வாருங்கள். விளிம்பைக் கடைசியில் தொட்டால் போதும். விளிம்பு வெடித்தால் ஈர விரலால் ஒரு தடவு தடவுங்கள், அவ்வளவுதான். பயந்து பயந்து தண்ணீர் ஊற்றினால் சுவர் தொய்ந்து உட்கார்ந்துவிடும்.

3. திரி அடுக்குதல்

சுண்டுவிரல் கனத்துக்குத் திரி உருட்டுங்கள். விரல்களை விரித்து, நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போனால் கனம் ஒரே சீராக வரும். விளிம்பை முள்கரண்டியால் கீறி, மண்குழம்பு (தண்ணீரில் கரைத்த அதே மண்) தடவி, திரியை வையுங்கள். உள்பக்கம் கட்டைவிரலால் கீழ்நோக்கி இழுத்து, திரியும் சுவரும் ஒன்றாகும்வரை தேயுங்கள். வெளியே திரி வரிகள் தெரிந்தால் அழகுதான். உள்ளே தெரிந்தால் அங்கேதான் பிளக்கும்.

வயிறு விரிய வேண்டுமா, திரியை விளிம்பின் வெளியோரமாக வையுங்கள். கழுத்து குறுக வேண்டுமா, உள்ளோரமாக.

மூன்று நான்கு சுற்று ஆனதும் கையை எடுத்துவிடுங்கள். விளிம்பில் மட்டும் ஈரத்துணியைச் சுற்றி, கீழ்ப்பகுதியைச் சற்று இறுக விடுங்கள். துணி சுற்றாவிட்டால் விளிம்பு காய்ந்து, அடுத்த திரி பிடிக்காது. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்பார்களே, காய்ந்த மண்ணும் ஈர மண்ணும்கூட அப்படித்தான். ராத்திரி தூங்கப் போகுமுன் முழுச் சட்டியையும் பிளாஸ்டிக் பையில் மூடிவிடுங்கள்.

4. தட்டுதல்

சட்டி தொட்டால் நசுங்காத பதத்துக்கு வந்ததும், உள்ளே ஒரு வழவழப்பான கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே பலகையால் தட்டுங்கள். சுவர் மெலியும், இறுகும். நம் ஊர்க் குயவர்கள் சக்கரத்திலிருந்து அறுத்தெடுத்த பானையின் திறந்த அடியை மூடுவதும் இதே தட்டலில்தான். பட் பட்டென்று சன்னமாகத் தட்டினால் போதும், வீரம் வேண்டாம்.

5. உலர்த்தலும் சூளையும்

நிழலில், நிதானமாக. விளிம்பும் கைப்பிடியும்தான் முதலில் காயும், விரிசலும் அங்கேதான் வரும். அவற்றை மட்டும் மூடி வையுங்கள். சட்டியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அந்த ஈரத்தோடு சூளைக்குப் போனால் நீராவி வெளியேற வழியில்லாமல் சட்டி வெடிக்கும்; பக்கத்தில் இருப்பவர் சட்டியும் சேர்ந்து போகும். அதனால்தான் 100 டிகிரி செல்சியஸ் வரை சூளையை மெல்ல ஏற்றுவார்கள். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று விரியும், அங்கேயும் நிதானம் தேவை. முதல் சூடு பொதுவாக 900லிருந்து 1000 டிகிரி வரை. உலர்ந்து சுட்டு முடிப்பதற்குள் சட்டி பத்தில் ஒரு பங்கு போலச் சுருங்கிவிடும், அதனால் தேவைக்குச் சற்றுப் பெரிதாகவே வனையுங்கள்.

ஒரு வாரப் பயிலரங்கு என்றால் சுட்ட சட்டியோடு வீடு திரும்புவது சந்தேகம்தான்; உலரவே அத்தனை நாள் ஆகிவிடும். சுட்டு, பொதி கட்டி, கூரியரில் அனுப்புவார்களா, அதற்குத் தனிக் கட்டணமா என்று பணம் கட்டுமுன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.